"கரண்ட் வைத்தார்கள்" என்றால் என்ன? பழைய எக்ஸ்ரே சிகிச்சையும் இரண்டு லட்சம் வோல்ட்டும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "1950களின் கடைசியில் என் பாட்டிக்குக் கழுத்தில் கட்டி வந்து, சென்னையில் கரண்ட் வைத்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். உடம்பில் மின்சாரமா பாய்ச்சினார்கள்? அந்தக் காலத்து எக்ஸ்ரே சிகிச்சைக் கருவி இரண்டு லட்சம் வோல்ட்டில் ஓடியது என்று படித்தேன். வீட்டுக்கு வருவதே 230 வோல்ட்தானே, இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் படுத்திருந்தவருக்கு ஷாக் அடிக்காதா?"

முப்பது வருடத்துக்கு மேல் எக்ஸ்ரே கருவிகளோடு கிடந்தவன் நான். எனக்குத் தெரிந்தவரை முழுசாகவே சொல்கிறேன்.

பாட்டியின் உடம்பில் மின்சாரம் பாயவில்லை. பாய்ந்தது எக்ஸ்ரே கதிர்தான். அதைக் கரண்ட் என்று நம் ஜனங்கள் சொன்னதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறையில் வேலையெல்லாம் கரண்ட்டைச் சுற்றித்தான் நடந்தது. கதிரை உண்டாக்குவது சுலபம். ஒரு வெற்றிடக் குழாயும் போதுமான வோல்ட்டும் இருந்தால் அது தானாக வரும். அந்த வோல்ட்டை உண்டாக்கி, வழியில் எங்கும் கசியாமல், தாவாமல், ஆடாமல் குழாய் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் நாற்பது வருட உழைப்பு போனது. எக்ஸ்ரே சிகிச்சையின் முதல் பாதி வரலாறு என்பது பெரும்பாலும் மின்காப்பின், அதாவது இன்சுலேஷனின், வரலாறு.

முதலில், எதற்கு அத்தனை வோல்ட்? எக்ஸ்ரே குழாயில் ஒரு முனையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் எதிர்முனையில் உள்ள உலோகத் தகட்டில் மோதுகின்றன. மோதும் ஆற்றலில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். இரண்டு லட்சம் வோல்ட்டில்கூட நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் கதிராக மாறும். வோல்ட் கூடக் கூட எலக்ட்ரான் வேகமாக மோதும், கதிரின் ஊடுருவும் சக்தி ஏறும். குறைந்த வோல்ட்டில் வரும் கதிரைத் தோலே குடித்துவிடும். தோல் நோய்க்கு அது சரி. வயிற்றுக்குள்ளோ கருப்பையிலோ இருக்கும் கட்டிக்கு அது போய்ச் சேராது. தோல் வெந்து புண்ணாகும், கட்டி அப்படியே இருக்கும். 200 கிலோவோல்ட்டில், அதாவது இரண்டு லட்சம் வோல்ட்டில், நடுவில் ஒரு செப்புத் தகட்டை வைத்து வலுவில்லாத கதிர்களை வடிகட்டி அனுப்பினால், தோலில் விழுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போகும். அதையே இரண்டு மூன்று பக்கத்திலிருந்து கட்டியைக் குறிவைத்துக் கொடுத்தால், எந்த ஒரு இடத்துத் தோலையும் கருக்காமல் உள்ளே போதுமான அளவு சேர்க்கலாம். "டீப் எக்ஸ்ரே" என்ற பேர் வந்தது இதனால்தான். பழைய கேஸ் ஷீட்டுகளில் டி.எக்ஸ்.டி. என்று எழுதியிருப்பார்கள்.

ஆரம்பத்தில் இந்த வோல்ட் கிடையாது. 1895 நவம்பரில் வூர்ட்ஸ்பர்க்கில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டபோது அவரிடம் இருந்தது ரூம்கார்ஃப் காயில். இரும்புக் கம்பிக் கட்டைச் சுற்றித் தடித்த செப்புக் கம்பி கொஞ்சம், அதன்மேல் மயிரிழைக் கம்பி மைல் கணக்கில். உள்சுற்றில் பேட்டரி கரண்ட்டை விட்டு, சட்டென்று துண்டிக்க வேண்டும். அந்தத் துண்டிப்பின் கணத்தில் வெளிச்சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும். எவ்வளவு சட்டென்று துண்டிக்கிறோமோ அவ்வளவு உயரம். அதனால் துண்டிக்கும் கருவிக்குப் பெரிய மவுசு. அழைப்பு மணியில் துடிக்கும் சுத்தி போல ஒன்று, பாதரசத்தில் முங்கி எழும் ஊசி ஒன்று, 1899-இல் வேனல்ட் செய்த அமிலத் தொட்டி ஒன்று என்று விதவிதமாக வந்தன. காயிலின் சக்தியை வோல்ட்டில் சொல்ல மாட்டார்கள். "பத்து அங்குலக் காயில்", "பன்னிரண்டு அங்குலக் காயில்" என்பார்கள். காற்றில் அத்தனை அங்குலத்துக்குப் பொறி தாவும் என்று பொருள்.

இதை வைத்துத்தான் 1896-லேயே சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். பிரான்சின் லியோன் நகரில் விக்டர் டெபெய்ன் ஒரு வயிற்றுப் புற்றுநோயாளிக்கு முயன்றார். வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் ஒரு சிறுமியின் முதுகில் இருந்த மயிர் அடர்ந்த மச்சத்துக்குக் கதிர் கொடுத்தார். ஒரு வருடத்துக்குள் கண்டுபிடிப்பிலிருந்து நோயாளிவரை வந்துவிட்டார்கள். எத்தனை வோல்ட், எவ்வளவு கதிர் என்று யாருக்கும் எண் தெரியாது.

எண் தெரியாததற்குக் குழாயும் ஒரு காரணம். அன்றைய குழாயில் முழு வெற்றிடம் இல்லை. மிச்சமிருக்கும் கொஞ்சம் வாயுதான் மின்சாரத்தைக் கடத்தும். ஓட ஓட அந்த வாயு கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு குறைந்துபோகும். குழாய் "கடினமாகிவிட்டது" என்பார்கள். அதே கரண்ட் ஓட இன்னும் அதிக வோல்ட் வேண்டும், கதிரின் தன்மையும் மாறிப்போகும். காலையில் கொடுத்த சிகிச்சையும் மதியம் கொடுத்ததும் ஒன்றாக இராது. குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க மருத்துவர்கள் தங்கள் கையையே கதிர் பட்டால் ஒளிரும் திரைக்கு முன்னால் நீட்டி, எலும்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்தார்கள். ஒரு நாளில் பல தடவை, வருடக்கணக்கில். அந்தக் கைகளில் புண் வந்தது, புற்று வந்தது, விரல்களை வெட்டினார்கள், பிறகு கையை வெட்டினார்கள். ஹாம்பர்க்கில் 1936-இல் இப்படி இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பியபோது அதில் 169 பெயர்கள் இருந்தன. இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயர்களைத் தாண்டிப் போக எனக்கு மனசு வராது.

சரி, காயிலுக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாமே என்று தோன்றும். ஊருக்கு ஏசி மின்சாரம் வந்துகொண்டிருந்த காலம் அது. டிரான்ஸ்ஃபார்மர் நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ உயர்த்திக் கொடுக்கும். ஆனால் ஏசி ஒரு நொடியில் ஐம்பது முறை போய் ஐம்பது முறை திரும்பும். குழாய்க்கு வேண்டியது ஒரே திசை. எதிர்த்திசையில் ஓடினால் அந்த வாயுக் குழாய் கெட்டுவிடும். காயிலில் இந்தத் தொல்லை குறைவு. துண்டிக்கும்போது எழும் வோல்ட் பெரிது, சேர்க்கும்போது எதிராக எழுவது சின்னது.

பிலடெல்பியாவில் ஹோமர் கிளைட் ஸ்னூக் 1907-இல் இதற்கு ஒரு வழி கண்டார். இந்த இயந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மின்காப்புப் பொருளால் செய்த ஒரு நீள அச்சு. அதில் குறுக்காகப் பொருத்திய கைகள். கைகளின் நுனியில் உலோகம். சுற்றிலும் நிலையான உலோகத் தகடுகள், அவற்றில் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனையும் குழாயின் இரண்டு முனையும் வந்து சேரும். அச்சைச் சுழற்றுவது சின்க்ரனஸ் மோட்டார், அதாவது ஏசியின் தாளத்தோடு பூட்டிக்கொண்டு சுழலும் மோட்டார். 50 சைக்கிள் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்று. கணக்குப் போட்டால், ஏசி ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அச்சு சரியாகக் கால் சுற்று திரும்பியிருக்கும். கரண்ட் திரும்பும் அதே சமயம் கைகளும் இணைப்பை மாற்றிக் கொடுக்கும். குழாய் வரை போவது எப்போதும் ஒரே திசை.

கைகள் தகடுகளைத் தொடாது. நூலிழை இடைவெளியில் உரசாமல் போகும், மின்சாரம் அந்த இடைவெளியைப் பொறியாகத் தாவிக் கடக்கும். நொடிக்கு நூறு முறை. அந்தச் சத்தத்தை நினைத்துப் பாருங்கள்; பட்டாசுச் சரம் ஒன்று அணையாமல் வெடித்துக்கொண்டே இருப்பது போல. பொறி தாவும் இடமெல்லாம் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கிளம்பும். ஏற்கெனவே கதிர் பட்டு வாந்தி எடுக்கும் நோயாளிக்கு இந்த நெடி எப்படி இருக்கும்? அதனால் வசதியுள்ள இடங்களில் இயந்திரத்தைத் தனி அறையில் வைத்து, சுவர் வழியாக வோல்ட்டை மட்டும் கொண்டுவந்தார்கள். இன்னொரு சிக்கல்: மோட்டார் கிளம்பும்போது அரைச் சுழற்சி தள்ளிப் பூட்டிக்கொண்டால் திசை தலைகீழாகிவிடும். ஒவ்வொரு தடவையும் மீட்டரைப் பார்த்து, தப்பாக இருந்தால் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். இத்தனை இருந்தும் இது 1930கள் வரை பல இடங்களில் ஓடியது. நல்ல பொறியாளரின் கைவண்ணம். நான் பார்த்த எந்தக் கருவியையும் விட இதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

1913-இல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில், வில்லியம் கூலிட்ஜ் புதுக் குழாய் செய்தார். வாயுவை அடியோடு வெளியேற்றிவிட்டு, பல்பில் இருப்பது போல ஒரு டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி, அதிலிருந்து எலக்ட்ரானை எடுத்தார். இழையின் சூட்டைக் கூட்டினால் கரண்ட் கூடும். வோல்ட்டைக் கூட்டினால் ஊடுருவல் கூடும். இரண்டு கைப்பிடியும் தனித்தனி. நேற்றுக் கொடுத்ததையே இன்றும் கொடுக்க முடிந்தது இதற்குப் பிறகுதான். சிகிச்சை என்ற சொல்லுக்கே அப்போதுதான் பொருள் வந்தது என்பேன். கூடவே, சூடான இழை மட்டும்தான் எலக்ட்ரான் விடும் என்பதால் அதே தத்துவத்தில் ஒருவழி வால்வும் செய்யலாம். அதே ஆய்வகத்தில் சால் டஷ்மன் 1915-இல் கெனோட்ரான் வால்வைக் கொண்டுவந்தார். சுழலும் கைகளின் வேலையைச் சத்தமில்லாமல் ஒரு கண்ணாடிக் குழாய் செய்தது.

இங்கிருந்து கதை ஜெர்மனிக்குப் போகிறது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் எர்லாங்கன் மகளிர் மருத்துவமனையில் சைட்ஸ், வின்ட்ஸ் என்ற இருவர் கருப்பைப் புற்றுக்கு 200 கிலோவோல்ட் வரிசையில் சிகிச்சை கொடுத்தார்கள். எக்ஸ்ரே கருவி செய்யும் தொழிற்சாலையும் அதே ஊரில் இருந்தது. மருத்துவர் கேட்க, பொறியாளர் செய்து கொடுக்க, இரண்டும் சேர்ந்து நடந்தது. முழு அளவையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். அந்த வழக்கம் நிலைக்கவில்லை. பாரிசில் கூத்தார் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துத் தொண்டைப் புற்றைக் குணமாக்கிக் காட்டினார். இன்றைக்கும் அந்தப் பிரித்துக் கொடுக்கும் முறைதான். ஆனால் வாரக்கணக்கில் தினமும் ஒரே அளவு கொடுக்க, தினமும் ஒரே மாதிரி ஓடும் கருவி வேண்டும். மருத்துவ முறையும் மின்கருவியும் இங்கே கைகோத்தே நடந்தன.

இப்போது உங்கள் "எங்கிருந்து வந்தது" என்ற கேள்விக்கு நேராக வருகிறேன். இரண்டு லட்சம் வோல்ட்டை ஒரே இடத்தில் உண்டாக்கவில்லை. பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நடுப்புள்ளியைப் பூமியோடு இணைத்துவிடு. ஒரு முனையில் ஒரு லட்சம் கூட்டல், மறுமுனையில் ஒரு லட்சம் கழித்தல். குழாய்க்குக் குறுக்கே இரண்டு லட்சம் இருக்கும். ஆனால் எந்த ஒரு பீங்கானும், எந்த ஒரு எண்ணெய்த் தொட்டியும் பூமிக்கு எதிராகத் தாங்க வேண்டியது ஒரு லட்சம்தான்.

இதையே இன்னும் சிக்கனமாகச் செய்வது ஸ்விட்சர்லாந்து இயற்பியலாளர் கிரைனாகரின் சுற்று. ஒரு லட்சம் வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, வால்வு இரண்டு, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் இரண்டு. ஏசி ஒரு பக்கம் போகும்போது முதல் வால்வு வழியாக முதல் கெபாசிட்டர் நிரம்பும். திரும்பும்போது இரண்டாவது நிரம்பும். இரண்டும் வரிசையாக இணைந்திருப்பதால் வெளியே எடுக்கும்போது இரண்டு லட்சம். கிணற்றில் இரண்டு பேர் மாற்றி மாற்றி இறைத்து ஒரே தொட்டியை வற்றாமல் வைத்திருப்பது போல, வோல்ட் ஏறி இறங்காமல் ஏறக்குறைய சமமாக நிற்கும். உச்சத்தில் ஒரு கணம் 200-ஐத் தொட்டு இறங்கும் கருவியைவிட, எப்போதும் 200-இல் நிற்கும் கருவி அதிகமாகவும் ஆழமாகவும் கதிர் கொடுக்கும். இதே சுற்றை அடுக்கடுக்காகக் கட்டித்தான் 1932-இல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்டனும் அணுவைப் பிளந்தார்கள்.

அப்புறம், ஷாக். அடிக்கும். அந்தப் பயம் நியாயமானதுதான். 1920களின் டீப் எக்ஸ்ரே அறையில் உயர்வோல்ட் கம்பி உறையில்லாமல் தலைக்கு மேலே ஓடும். மெல்லிய கம்பியாக இருந்தால் அதைச் சுற்றிக் காற்றே ஊதா நிறத்தில் ஒளிர்ந்து, சீறி, மின்சாரத்தைக் கசியவிடும். அதனால் விரல் தடிமனுக்கு மேலான உலோகக் குழாயாகப் போட்டு, முடியும் இடமெல்லாம் உருண்டை வைப்பார்கள். எங்கேயும் கூர்மை இருக்கக் கூடாது. தூசு படிந்து ஈரம் சேர்ந்த பீங்கான் மேல் மின்சாரம் ஊர்ந்து போகும், அதனால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாயின் தகட்டுக்குத் தண்ணீர் விட்டுக் குளிர்விக்கலாம் என்றால், தகடே ஒரு லட்சம் வோல்ட்டில் இருக்கிறது. தெருக் குழாய்த் தண்ணீரை இணைத்தால் அந்த வழியே பூமிக்கு இறங்கிவிடும். அதனால் தொட்டி, பம்பு எல்லாமே மின்காப்பின் மேல் நிற்கும், அல்லது தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஓடும்.

சுவிட்சை அணைத்த பிறகும் ஆபத்து போகாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய டீப் எக்ஸ்ரே ஒன்றைப் பிரிக்கப் போனோம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர் மூங்கில் நீளத்துக்கு ஒரு காப்புக் கோல் எடுத்தார். நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து எர்த்துக்கு ஒரு செப்புப் பின்னல். கெபாசிட்டர் தலையில் கொக்கியைப் போட்டுவிட்டு அப்படியே தொங்கவிட்டார். "எடுத்துடலாமா அண்ணே?" என்று கேட்டேன். "வேலை முடியற வரைக்கும் அங்கயே இருக்கட்டும் தம்பி. வெளியேத்தினாலும் உள்ளுக்குள்ள கொஞ்சம் ஊறி வெச்சிருக்கும், மறுபடி தலைக்கு வரும்" என்றார். அது உண்மை. கெபாசிட்டரின் காப்புப் பொருள் கொஞ்சம் மின்னூட்டத்தை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல விடும். அதன் கொள்ளளவு 0.02 மைக்ரோஃபாரட்தான் என்றாலும் ஒரு லட்சம் வோல்ட்டில் அதற்குள் 100 ஜூல் இருக்கும். நெஞ்சு வழியாகப் போனால் உயிரை எடுக்கப் போதும். வருடக்கணக்காக இணைப்பில்லாமல் கிடந்த அந்தக் கருவியிலும் அவர் அந்த முறையை விடவில்லை. அன்றிலிருந்து நானும் விடவில்லை.

இந்த ஆபத்தை ஒழித்தது எண்ணெயும் கேபிளும்தான். குழாயையே உலோகக் கூட்டுக்குள் அடைத்து, கூட்டைப் பூமியோடு இணைத்து, வோல்ட்டைத் தடித்த ரப்பர் கேபிளுக்குள் கொண்டுவந்தார்கள். ஹாலந்தில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் பௌவர்ஸ் 1920களிலேயே இந்த வழியில் இறங்கினார். 1930களில் இது பரவியது. நோயாளி கூட்டைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது.

வோல்ட்டை அளந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு உலோக உருண்டைகளை மெதுவாக நெருக்கி, எந்த இடைவெளியில் பொறி தாவுகிறது என்று பார்த்து உச்ச வோல்ட்டைக் கணக்கிடுவார்கள். கதிரின் அளவுக்கோ வெகுகாலம் தோல் சிவப்பதுதான் அளவுகோல். 1928-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ராண்ட்ஜன் என்ற அலகை ஒத்துக்கொண்ட பிறகுதான் ஒரு ஊர் மருத்துவர் எழுதியது இன்னொரு ஊர் மருத்துவருக்குப் புரிந்தது.

இரண்டு லட்சத்தோடு நிற்கவில்லை. கலிஃபோர்னியாவில் கால்டெக் நிறுவனத்தில், தொலைதூர மின்கம்பிகளைச் சோதிக்க ஒரு மில்லியன் வோல்ட் ஆய்வகம் இருந்தது. தலா 250 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் நான்கு, ஒன்றின் முடிவில் அடுத்தது ஏறி நிற்கும்படி. சார்லஸ் லாரிட்சன் அதை எக்ஸ்ரேக்குத் திருப்பி, 1928-இல் 750 கிலோவோல்ட் குழாய் செய்தார். அத்தனை பெரிய கண்ணாடி எங்கே கிடைக்கும்? அன்றைய பெட்ரோல் பம்புகளின் தலையில், ஊற்றும் அளவு கண்ணுக்குத் தெரிவதற்காகப் பெரிய கண்ணாடி உருளை இருக்கும். அவற்றை அடுக்கி ஒட்டிக் குழாயாக்கினார். 1930-இல் நோயாளிகள் அங்கே வரத் தொடங்கினார்கள். 1937-இல் பாஸ்டனில் வான் டி கிராஃப் என்ற உயர்வோல்ட் இயந்திரம் ஒரு மில்லியன் வோல்ட்டில் சிகிச்சைக்கு வந்தது. அதே வருடம் லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையில் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் செய்த கருவி ஓடியது. அதன் குழாய் மட்டும் 30 அடி. ஒரு நோயாளிக்காக ஒரு கட்டடமே இயங்கியது. இந்த வழி அங்கேயே நின்றுபோனதற்கு அந்த அளவும் செலவும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

1951-இல் கனடாவில் கோபால்ட் 60 வந்தது. ஒரு சின்ன உலோகத் துண்டு, தானாகவே மில்லியன் வோல்ட்டைத் தாண்டிய ஆற்றலில் கதிர் விடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், வால்வு வேண்டாம், உருண்டை வேண்டாம்.

இனி உங்கள் பாட்டி. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் திறந்தது. அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1950களின் பிற்பாதியில் கோபால்ட் கருவி வந்தது. 1950களின் கடைசி என்றால் டீப் எக்ஸ்ரே, கோபால்ட் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது, தோலை வைத்து ஓரளவு சொல்லலாம். டீப் எக்ஸ்ரேயில் முழு வேகமும் தோலின் மேல் விழும். கதிர் வரும் வாயில் ஒரு கூம்பைப் பொருத்தி அதன் விளிம்பைத் தோலோடு அழுத்தி வைப்பார்கள். அந்த விளிம்பின் வடிவத்திலேயே, சதுரமாகவோ வட்டமாகவோ, தோல் கறுத்துத் தடித்து, பல வருடம் கழித்தும் அதில் மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடும். கோபால்ட்டில் கதிரின் உச்சம் தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டரில் விழும் என்பதால் அந்த அடையாளம் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். பாட்டியின் கழுத்தில் ஓரம் வெட்டினாற்போல ஒரு கறுப்புத் தழும்பு இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தது என்றால், அநேகமாக இரண்டு லட்சம் வோல்ட்தான்.